பால்மரக் காட்டிலிருந்து சூளை வரை: சுற்றியிருக்கும் இலை, மண், சாம்பல் கொண்டு மட்பாண்டம் செய்ய ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில், வீட்டுப் பின்கட்டில் ஒரு மேசையும் நான்கு வாளியும் போட்டு மண் வேலை தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சக்கரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கையால் தொடங்கலாம். சூளை கட்டாயம் வேண்டும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இயற்கையைப் பார்த்துப் பாண்டம் செய்வது என்றால் பானையின் வயிற்றில் ஒரு பூவை ஒட்டுவது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது அலங்காரம், அதில் தப்பில்லை. ஆனால் நம் ஊரில் அதைவிட ஆழமாகப் போக வழி இருக்கிறது. பால்மரம், அதாவது ரப்பர் மரம் இருக்கிறது, எண்ணெய் எடுக்கும் செம்பனை இருக்கிறது, சிவப்பு மண் இருக்கிறது, விறகுச் சாம்பல் இருக்கிறது. இவற்றைப் படமாக வரையாமல், வடிவமாகவும் நிறமாகவும் கிளேஸாகவும் (சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு) பாண்டத்துக்குள்ளேயே வேலை செய்ய விட வேண்டும். நான் இங்கே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

இது நமக்குப் புதிய உறவும் இல்லை. பக்கத்திலேயே கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அதே கோலகங்சாரில் ஆற்றுக்கு அக்கரையில் சயோங். அங்கே சுரைக்காய் வடிவத்தில் தண்ணீர்க் கூஜா செய்து, சூடாக இருக்கும்போதே நெல் உமிக்குள் போட்டுக் கறுப்பாக்குகிறார்கள். காயின் உருவமே பாண்டமாக, உமியே நிறமாக. நம் ஆட்களின் கதையைச் சொன்னால், பால் வெட்டின தலைமுறை அன்றாடம் கையில் எடுத்த மட்பாண்டம் பானை என்பதைவிட மங்குதான், மரத்திலிருந்து வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம். அந்தக் காலத்து மங்குகளில் நிறைய கிளேஸ் பூசிச் சுட்ட மண் மங்குகள், சீனக் குயவர்களின் நீண்ட டிராகன் சூளைகளில் சுட்டவை. சிங்கப்பூர் ஜூரோங்கில் 1940இல் கட்டிய தௌ குவாங் சூளையும் மங்கு சுட்ட சூளைதான், இன்னும் இருக்கிறது. பழைய மங்கு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். அதன் விளிம்பு, கனம், கிளேஸ் எங்கே நின்றிருக்கிறது என்பதெல்லாம் பாடம்.

முதலில் நடங்கள், பிறகு மண்ணைத் தொடுங்கள்

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். தோட்டம் என்பது பிறர் நிலம், அதனால் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே உள்ளே நுழையுங்கள். எதை எடுக்கலாம் என்று தேடாமல் எது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பால்மரக் காய் மூன்று அறையாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டை. முற்றி வெயிலில் காயும்போது சத்தத்தோடு வெடித்துக் கொட்டையைத் தூர எறியும். அந்த மூன்று அறை வடிவம் மூடி போட்ட சின்னப் பெட்டிக்கு அவ்வளவு பொருத்தம், கையில் வைத்தால் விரல்கள் தானாகப் பள்ளங்களில் உட்காரும். செம்பனைத் தண்டில் வெட்டின மட்டைகளின் அடிப்பாகத்தைப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சுற்றினால் எட்டு வரிசை, எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் பதின்மூன்று வரிசை. களிமண் திரி சுற்றிச் செய்யும் ஜாடியில் இந்தச் சுற்றைக் கொண்டுவரலாம். அந்த மட்டை இடுக்குகளில் வளரும் பெரணியையும் விட்டுவிடாதீர்கள்.

படம் நன்றாக வரையத் தெரிய வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் அளவு எழுதுங்கள், எது எதை விட மேலே, எது சாய்கிறது, எந்த இடத்தில் கனம் கூடுகிறது என்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்து செய்யும்போது அந்தக் குறிப்புதான் உதவும், கைப்பேசிப் படம் அவ்வளவு உதவாது.

எந்த மண்

வீட்டுக்குப் பின்னால் தோண்டின மண்ணிலேயே எல்லாம் செய்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். தோட்டத்துச் செம்மண்ணில் இரும்பு அதிகம், ஒட்டும் தன்மை பெரும்பாலும் குறைவு, வளைத்தால் வெடிக்கும். என் யோசனை இதுதான்: பாண்டத்தின் உடம்புக்கு 1280 டிகிரி தாங்கும் ஸ்டோன்வேர் களிமண்ணை, அதாவது சுட்டால் கல் போல இறுகும் மண்ணைக் கடையில் வாங்குங்கள், நம் ஊர்ச் செம்மண்ணை மேலே பூசும் நிறக் கரைசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நிறம் வேண்டுமானால் கயோலின் இருக்கிறது, பேராக்கிலேயே தாப்பா, பீடோர் பக்கம் வெட்டி எடுக்கிற மண்தான் அது.

இல்லை, தோண்டித்தான் பார்ப்பேன் என்றால் மேல்மண்ணை ஒரு முழமாவது நீக்கிவிட்டு அடியிலிருந்து எடுங்கள். பழைய ஈயக்குட்டை, அதாவது வெள்ளீயம் தோண்டின பள்ளம், அதன் பக்கத்து மண்ணை மட்டும் தொடாதீர்கள். ஈயம் அலசிய கழிவில், அமாங் என்கிறார்களே அதில், கதிரியக்கம் உள்ள தாதுக்கள் கலந்திருக்கும். எடுத்த மண்ணை நன்றாகக் காயவைத்து, உடைத்து, வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்காமல் ஒரு நாள் விடுங்கள். காய்ந்த மண்தான் தண்ணீரில் தானாகக் கரையும், ஈர மண் கட்டியாகவே கிடக்கும். பிறகு கலக்கி, 80 மெஷ் சல்லடையில் (அங்குலத்துக்கு 80 கண்) வடித்து, படிய விட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். பிசையும் பதம் வந்ததும் பென்சில் தடிமனில் ஒரு திரி உருட்டி விரலில் சுற்றுங்கள், வெடிக்காவிட்டால் நல்ல மண். ஒரு பட்டை செய்து அதில் சரியாக 10 செ.மீ. கோடு போட்டு வையுங்கள். சுட்டபின் அந்தக் கோட்டை அளந்தால் மண் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்துவிடும். முதல் தடவை சுடும்போது அதை ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் வைத்துச் சுடுங்கள், ஏனென்றால் செம்மண் அதிக வெப்பத்தில் உருகி ஓடலாம், சூளைத் தட்டு போய்விடும்.

செம்மண் கரைசலுக்கும் இதே மாதிரி வடிகட்டி, உடம்புக்குப் போடும் களிமண்ணைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். தனிச் செம்மண் பூசினால் சுருங்கும் அளவு வேறுபட்டு உரிந்து வரும்.

இலைத் தட்டு: கை பழக

பால்மர இலை மூன்று மூன்றாக ஒரு நீளக் காம்பில் நிற்கும். முற்றிய பச்சை இலையாகப் பறியுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலையுதிர்த்து அப்புறம் துளிர்க்கும்போது வரும் செம்பு நிறக் கொழுந்து அழகுதான், ஆனால் மண்ணில் அழுத்தினால் கிழியும். உதிர்ந்த சருகு நொறுங்கும். பறித்ததும் காம்பில் பால் கசியும், அது மண்ணில் பட்டால் ஒட்டிப் பிடிக்கும், அதனால் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் துடைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

களிமண்ணை 7 மி.மீ. தடிமனுக்குத் துணி மேல் தேய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே தடிமனுள்ள இரண்டு சட்டங்களை வைத்து உருட்டினால் சமமாக வரும். இலையின் அடிப்பக்கத்தில்தான் நரம்பு புடைத்திருக்கும், ஆகவே அடிப்பக்கம் மண்ணைப் பார்க்க வைத்து, நடுவிலிருந்து நுனிக்கு மெதுவாக உருட்டுங்கள். இலையை உடனே எடுக்காமல், அது இருக்கும்போதே சுற்றிலும் செம்மண் கரைசலைத் தூரிகையால் பூசி, பளபளப்பு போகும் வரை விட்டு, ஊசி நுனியால் காம்பைத் தூக்கி உரியுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெளிர் மண், அதில் ஒவ்வொரு நரம்பும்.

கவிழ்த்த எவர்சில்வர் சட்டி மேல் செய்தித்தாளை விரித்து, இந்தத் தகட்டை அதன் மேல் படிய விட்டால் தட்டு ஆகிவிடும். அரைக்காய்ச்சல் பதம் வந்ததும், அதாவது கையில் ஒட்டாது ஆனால் நகம் வைத்தால் கீறும் என்ற நிலையில், சட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். முழுக்கக் காய விட்டால் மண் சுருங்கும், சட்டி சுருங்காது, தட்டு இரண்டாகப் பிளக்கும்.

கோடு வெட்டிய ஜாடி

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். சாம்பல் கிளேஸ் ஓடும் குணமுள்ளது, பாலும் ஓடும். பால்மரத்தின் வெட்டுக் கோட்டை ஜாடியில் செதுக்கி, அதில் சாம்பல் கிளேஸை ஓட விட்டால், கிளேஸ் தானாகவே பால் செய்வதைச் செய்யும்.

முதலில் கோட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டில் பால் வெட்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார், என் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு விரலாலேயே காட்டினார்: "இடது கைப் பக்கம் மேல, வலது கைப் பக்கம் கீழ கண்ணு. அப்பதான் பால் நெறைய வரும். மாத்தி வெட்டினா மரமும் கெடும், பாலும் இல்ல." பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக நிற்காமல் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, அதனால் இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அதிகக் குழாய்களைத் திறக்கிறது. ஆக அந்தச் சாய்வை மாற்றிச் செதுக்கிய ஜாடியைப் பால் வெட்டிய எவரும் ஒரே பார்வையில் தவறு என்று சொல்லிவிடுவார்கள்.

20 முதல் 25 செ.மீ. உயரத்தில் நேரான உருளை ஜாடி ஒன்று செய்யுங்கள், சக்கரத்திலோ திரி சுற்றியோ. சுவர் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது, செதுக்க இடம் வேண்டும். அரைக்காய்ச்சல் பதத்தில் ஒரு காகிதப் பட்டையை ஜாடியின் பாதிச் சுற்றளவுக்கு வெட்டி, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் ஒட்டி, அதன் ஓரமாகக் கோடு போடுங்கள். வளைந்த கம்பி உளியால் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரே இழுப்பில் செதுக்குங்கள். நிறுத்தி நிறுத்தி இழுத்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு மேடு நிற்கும், பிறகு கிளேஸ் அங்கே தயங்கும். பால் வெட்டுபவர்கள் மரத்தின் உள்ளே இருக்கும் வளர்திசுவைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவுவதைப் போல, சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகாமல் கையை நிறுத்தப் பழக வேண்டும்.

உண்மையான மரத்தில் ஒரே கோடு இருக்காது, மேலே பழைய வெட்டுகள் வரிவரியாகத் தெரியும். அதனால் முக்கியக் கோட்டுக்கு மேலே இணையாகச் சில கோடுகளை, மேலே போகப் போக ஆழம் குறைத்துப் போடுங்கள். பட்டை திரும்ப வளர்ந்த மாதிரி அவை மங்கிக்கொண்டே போகும்.

கோட்டின் கீழ் முனையிலிருந்து நேராக ஒரு கால்வாய் இறங்க வேண்டும், பீலிக்கு, அதாவது பால் சொட்டும் தகட்டு மூக்குக்குப் போகும் கால்வாய். அதன் அடியில் ஜாடியின் சுவரோடு ஒட்டிய ஒரு சின்ன மங்கு. ஒட்டும் இரண்டு பக்கமும் கீறி, களிமண் குழம்பு தடவி, அழுத்தி, உள்ளே ஒரு மெல்லிய திரியை வைத்து மூட்டை நிரப்புங்கள். ஓடி வரும் சாம்பல் கிளேஸ் சூளைத் தட்டில் விழுந்து பாண்டத்தை ஒட்டவைத்துவிடுவதுதான் எல்லோருக்கும் பெரிய தொல்லை. இங்கே அந்த ஓட்டம் மங்கில் வந்து நிற்கிறது. மங்கை 3 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் வைத்தால் பெரும்பாலும் நிரம்பி வழியாது. பால்காட்டில் மங்கு எதற்கு இருந்ததோ அதே வேலைக்குத்தான் இங்கேயும் இருக்கிறது. எனக்கு இந்த ஜாடி பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

காயவிடுவதும் முதல் சூடும்

நம் ஊர் ஈரக்காற்றில் பாண்டம் மெதுவாகக் காயும், அது நல்லதுதான், ஒரே சீராகக் காய்ந்தால் வெடிப்பு குறையும். மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள், ஒரு பக்கம் முந்திக் காய்ந்து கோணும். ஒட்டவைத்த மங்கு சீக்கிரம் காயும், ஜாடி மெதுவாகக் காயும், ஆகவே முதல் இரண்டு நாள் மங்கை மட்டும் பிளாஸ்டிக் பையால் மூடி வையுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் காய்ந்த மாதிரி நிறம் மாறியிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

முதல் சூட்டில் 90 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் நிறுத்துங்கள், மழைக்காலத்தில் இன்னும் கூட. மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் போனால்தான் பாண்டம் வெடிக்கிறது. பிறகு மணிக்கு 80 டிகிரி வீதம் 600 வரை, அதற்குப் பிறகு 150 வீதம் 1000 வரை. 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் திடீரென விரிகிறது, ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது, அதனால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் அந்த இடத்தில் அவசரம் கூடாது.

மின்சூளை வாங்குபவர்கள் பெரும்பாலும் அதைச் சாதாரண பிளக்கில் குத்த முடியாது, தனி இணைப்பு வேண்டும், பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு வீட்டு லோடைப் பார்க்கச் சொல்லுங்கள். குழி தோண்டி விறகு போட்டுச் சுடலாமே என்று கேட்பவர்களுக்கு: திறந்த வெளியில் எரிப்பதற்கு மலேசியாவின் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் தடை இருக்கிறது, விசாரிக்காமல் செய்யாதீர்கள்.

சாம்பல்

ரப்பர் விறகின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் தூக்கல், உருகி நன்றாக ஓடும். செம்பனை ஆலைக் கொதிகலனில் நார், ஓடு எரித்த சாம்பலில் சிலிக்கா அதிகம், அவ்வளவு எளிதில் ஓடாது. செம்பனைக் குலையின் வெறும் கூடு எரித்த சாம்பல் பொட்டாசியம் நிறைந்தது, உரமாகவே போடுகிறார்கள், கையைப் புண்ணாக்கும் காரம். நம் ஜாடிக்கு ரப்பர் விறகுச் சாம்பலே சரி. ஆனால் எந்த விறகு என்று உறுதியாகத் தெரிந்த சாம்பலாக இருக்க வேண்டும், பெயிண்ட் அடித்த பலகை, ஆணி, பிளாஸ்டிக் எரித்த அடுப்பில் எடுக்கவே கூடாது.

ரப்பர் கையுறை, கண்ணாடி, நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு சலித்து, வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதக்கும் கரியை எடுத்துவிட்டு, ஒரு நாள் படிய விட்டு, வழவழப்பான மேல் தண்ணீரை இறுத்து, புதுத் தண்ணீர் விட்டு, இப்படி இரண்டு மூன்று முறை. காரம் குறையும், ஒவ்வொரு தடவையும் கிளேஸ் ஒரே மாதிரி வரும். இறுத்த தண்ணீரும் காரம்தான், பிள்ளைகள் பக்கத்தில் வைக்காதீர்கள், நிறைய தண்ணீர் கலந்த பிறகே ஊற்றுங்கள்.

குயவர்கள் பல காலமாகத் தொடங்கும் கணக்கு: காய்ந்த எடையில் சாம்பல் 40, ஃபெல்ட்ஸ்பார் (பொடித்த பாறைத் தாது) 40, களிமண் 20. களிமண்ணுக்குக் கயோலின் போட்டால் வெளிறிய கிளேஸ், நம் செம்மண் போட்டால் தேன் நிறமும் பழுப்பும். காற்றைக் குறைத்துச் சுடும் கேஸ் சூளையில் அதே இரும்பு பச்சையாகத் திரும்பும். 80 மெஷ்ஷில் வடித்து மோர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஜாடியில் போடுவதற்கு முன் சோதனைத் துண்டு கட்டாயம். தட்டையான துண்டு வேண்டாம், ஓட்டம் தெரியாது. நிமிர்ந்து நிற்கும் துண்டு செய்து, அதிலும் ஒரு சாய்ந்த கோடு செதுக்கி, அடியில் களிமண் தட்டு வைத்துச் சுடுங்கள். சாம்பலை 30, 40, 50, 60 என்று மாற்றி, மற்ற இரண்டையும் அதே விகிதத்தில் குறைத்தோ கூட்டியோ துண்டுகளைச் சுட்டால், கோட்டில் பாதி தூரம் போய் நிற்பது எது, நேராக மங்கு வரை போவது எது என்று கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். துண்டின் பின்னால் எண்ணை இரும்பு ஆக்சைடால் எழுதுங்கள், பென்சில் எரிந்துபோகும்.

இரண்டாம் சூடு

ஜாடியின் மேல் மூன்றில் ஒரு பங்குக்கும், கோட்டுக்குச் சற்று மேல் வரையிலும் கனமாகப் பூசுங்கள். கோட்டுக்குக் கீழே வெறும் மண்ணாக விடுங்கள் அல்லது செம்மண் கரைசல் மட்டும். அடியிலிருந்து 2 செ.மீ. எதுவும் படக் கூடாது. மங்கு நிரம்பி வழிந்தால் தாங்க, சுட்ட களிமண் தட்டு ஒன்றை அடியில் வையுங்கள்.

இந்தக் கணக்குக்குக் கோன் (சூட்டில் வளைந்து வெப்பத்தைக் காட்டும் சின்னக் கூம்பு) 9 அல்லது 10 வரை, ஏறத்தாழ 1280 டிகிரி வேண்டும். மீட்டரை மட்டும் நம்பாமல் உள்ளே கோன் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் எவ்வளவு சூடு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்துதான் கிளேஸை உருக்குகிறது. உச்சத்தில் பத்து, பதினைந்து நிமிடம் நிறுத்தினால் ஓட்டம் கூடும், அதையும் சோதனைத் துண்டில் பார்த்து முடிவு செய்யுங்கள். 100 டிகிரிக்குக் கீழே வரும் வரை கதவைத் திறக்காதீர்கள்.

வேலையிடம்

களிமண் தூசி நுரையீரலைக் கெடுக்கும், அதில் உள்ள நுண்ணிய சிலிக்கா உள்ளே போனால் திரும்ப வராது. காய்ந்த தரையை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்த பாண்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வழக்கமும் வேண்டாம், ஈர ஸ்பாஞ்சால் சரிசெய்யலாம். கை கழுவிய தண்ணீரை நேரே சாக்கடையில் விட்டால் குழாய் அடைக்கும், மூன்று வாளி வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க் கழுவி, படிந்த மண்ணைத் திரும்ப எடுங்கள். நம் வெக்கையில் மூடி வைத்த களிமண்ணில் பூசணம் வரும், கெட்டுப்போனது இல்லை, பிசைந்து பயன்படுத்தலாம், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

மங்கில் கனமாகத் தேங்கிய கிளேஸில் பெரும்பாலும் மெல்லிய விரிசல் வலை விழும். பார்க்க அழகு, ஆனால் அந்தப் பாகம் சாப்பாட்டுக்கு ஆகாது. தட்டு, கிண்ணம் போல உணவுக்குக் கொடுப்பவற்றைத் தனியாகச் சோதியுங்கள்: ஒரு எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்க கிளேஸ் மேல் வைத்துக் காலையில் துடைத்துப் பாருங்கள், நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் அந்தக் கிளேஸ் வேண்டாம். கிளேஸ் பூசாத ஒரு துண்டை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். 2 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மண் இன்னும் முழுக்க இறுகவில்லை, அடுத்த சூட்டில் வெப்பத்தைக் கூட்டுங்கள், அதுவரை அந்தப் பாண்டத்தில் காய்ந்த பூ வைக்கலாம், குழம்பு ஊற்ற வேண்டாம்.